கொண்டு வருதலும் அழைத்து வருதலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, சங்கத்தின் செயலாளர் அவர்களே, தாய்மார்களே, அன்பர்களே, இவன் பேச்சு எப்பொழுது முடியும், நாடகம் எப்பொழுது தொடங்கும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் இளஞ்செல்வங்களே,



ஆண்டுதோறும் இம் மேடையில் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். நானோ இயந்திரங்களோடு காலங்கழித்தவன். என்னைப் பேச அழைத்த செயலாளர், "உமக்கு ஜப்பானிய மொழி சிறிது தெரியுமாமே, அதைப் பற்றிச் சொல்லும்" என்றார். ஒரு மொழியை முழுதும் எடுத்துச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, உங்களுக்குப் பொறுமையும் இராது. ஆகவே அம் மொழியின் நான்கே நான்கு வினைகளை எடுத்துக்கொண்டேன். ஒரு பொருளைக் கொண்டு வருவது, கொண்டு போவது, ஓர் ஆளை அழைத்து வருவது, அழைத்துப் போவது. இவ்வளவுதான். இந்த நான்கினால் அயல்நாட்டில் எனக்கு நேர்ந்த தலைகுனிவையும், அண்மையில் என் வீட்டில் நேர்ந்த ஒரு மனவருத்தத்தையும் சொல்லப்போகிறேன்.

1986ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய தொழிற்சாலை என்னைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது. நாகோயா நகருக்கு அருகில் ஒரு விடுதியில் தங்கினேன். முதல் மூன்று மாதம் மொழிப் பயிற்சி. ஆங்கிலத்தின் வழியே அம் மொழியைக் கற்ற பிற நாட்டு நண்பர்கள் இவ் வினைகளில் பெரிதும் இடர்ப்பட்டார்கள். நான் இடர்ப்படவில்லை, அதுவே பின்னால் எனக்குத் தீங்காயிற்று. எப்படி என்பதைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் கொண்டு வருதலுக்கு ஒரு தனிச்சொல், கொண்டு போதலுக்கு ஒரு தனிச்சொல். ஜப்பானியர்க்கு அவ்வாறு இல்லை. 'மொத்தே' என்றால் கையில் பற்றி, கொண்டு. 'குரு' என்றால் வா. 'இக்கு' என்றால் போ. ஆகவே 'மொத்தே குரு' கொண்டு வருதல். 'மொத்தே இக்கு' கொண்டு போதல். நம் 'கொண்டு' என்பது 'கொள்' என்னும் வினையின் எச்சம் அன்றோ? 'மொத்தே' என்பதும் 'மோட்சு' என்னும் வினையின் எச்சமே. எச்சம் முன்னே நிற்க, வருதலும் போதலும் பின்னே நின்று வாக்கியத்தை முடிக்கின்றன. ஆசிரியை கரும்பலகையில் இதனை எழுதிய அன்று, பக்கத்தில் இருந்த நண்பர் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ எங்கள் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

ஆளுக்கு வேறு சொல். 'த்சுரெத்தே' என்பது துணையாக உடன்கொண்டு என்று பொருள்படும் எச்சம். 'த்சுரெத்தே குரு' அழைத்து வருதல். 'த்சுரெத்தே இக்கு' அழைத்துப் போதல். குடையை மொத்தே, குழந்தையை த்சுரெத்தே. இரண்டையும் மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். வளர்ப்பு நாயும் த்சுரெத்தே என்னும் வகுப்பில் சேரும். பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் வண்டு பிடித்துச் சிறு பெட்டியில் அடைத்து எடுத்து வருவார்களே, அது உயிருள்ளதாயினும் பொதுவாக மொத்தே தான். தானே நடந்து உடன் வருவதா, நாம் சுமந்து வருவதா என்பதுதான் அடிப்படை என்று எண்ணிவிட வேண்டா. கைக்குழந்தையைத் தூக்கிச் சென்றாலும் அது த்சுரெத்தே தான். உடன் வருகின்ற ஓர் உயிர் என்று மனம் கருதுகிறதா என்பதே கேள்வி.

நம் மொழியில் இப் பகுப்பு இன்னும் நுட்பமாக இருக்கிறது. பொருளைக் கொண்டு வருகிறோம். பெரியவரை அழைத்து வருகிறோம். பிள்ளையைக் கூட்டி வருகிறோம். மாட்டை ஓட்டி வருகிறோம். கைக்குழந்தையைத் தூக்கி வருகிறோம். திருடனைப் பிடித்து வருகிறோம். கொரிய மொழியிலும் இளையோரை உடன்கொண்டு வருவதற்கு ஓர் எச்சம், முதியோரை உடன்கொண்டு வருவதற்கு மற்றோர் எச்சம் உண்டு. ஆனால் நாம் வாழும் இத் தில்லியில் வழங்கும் இந்தியிலோ, தண்ணீரையும் 'லே ஆவோ', தாத்தாவையும் 'லே ஆவோ'. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் கணக்கு உண்டு. இக் கணக்கு வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி என் தலைகுனிவுக்கு வருகிறேன். பயிற்சியின் ஆறாம் மாதம். எனக்குப் பயிற்சியளித்த முதியவர் தலைமைக் கட்டடத்தில் இருந்தார். நான் அங்கிருந்து ஒரு கல் தொலைவில் இருந்த பட்டறையில் இருந்தேன். மறுநாள் காலை மேலதிகாரிகள் சில வரைபடங்களைப் பார்வையிட வேண்டும். பட்டறையிலிருந்து அவருக்குத் தொலைபேசியில், 'நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரைபடங்களை மொத்தே கிமாஸ்' என்றேன். 'கிமாஸ்' என்பது 'குரு'வின் பணிவான வடிவம். கொண்டு வருகிறேன் என்பது கருத்து. தமிழில் வேறு எப்படிச் சொல்வோம்? உங்கள் இடத்துக்குக் கொண்டு வருகிறேன் என்றுதானே சொல்வோம்?

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் வரைபடச் சுருளோடு தலைமைக் கட்டடத்தில் நின்றேன். அம் முதியவர் நான்கு அதிகாரிகளோடு மழையில் நனைந்து பட்டறையில் நின்றார். அக்காலத்தில் கைப்பேசி இல்லை. ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதிகாரிகளில் ஒருவர் இரயிலைத் தவறவிட்டார். அம் முதியவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "விளக்கமாகக் கேட்காதது என் தவறு" என்று அதிகாரிகளிடம் தலை தாழ்த்தினார். அவர் கடிந்திருந்தால் எனக்கு இத்தனை ஆண்டுகள் நினைவிருந்திராது.

பிழை எங்கே என்று அன்று மாலை மொழியாசிரியை விளக்கினார். ஜப்பானிய மொழியில் 'வா' என்பது பேசுகின்றவன் இருக்கும் இடத்தையே நோக்கும். அல்லது அவன் அப்பொழுது இருக்கப்போகும் இடத்தை நோக்கும். கேட்கின்றவன் இருக்கும் இடம் அவனுக்குப் பிற இடமே. ஆகவே உங்கள் வீட்டுக்கு நான் புறப்படுவதாயின், 'போகிறேன்' என்றே சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒரு பழம் எடுத்து வருவதாயின், 'கொண்டு போகிறேன்' என்றே சொல்ல வேண்டும். உள்ளே இருந்து தாய் கூப்பிட்டால் நம் பிள்ளை 'இதோ வருகிறேன்' என்பான். ஜப்பானியப் பிள்ளை 'இதோ போகிறேன்' என்பான். நான் 'மொத்தே கிமாஸ்' என்றதை அம் முதியவர், வரைபடங்கள் பட்டறைக்கு வந்து சேரும் என்று இலக்கண முறைப்படியே பொருள் கொண்டார். நான் தமிழில் நினைத்து ஜப்பானிய மொழியில் பேசியிருந்தேன். மற்ற எல்லாம் ஒத்திருந்தபடியால், இதுவும் ஒத்திருக்கும் என்ற துணிவு எனக்கு. இடர்ப்பட்டுக் கற்ற நண்பர்களுக்கு இத் தவறு நேரவில்லை. ஒரு செய்தியைச் சொல்லி எனக்கு ஆறுதல் அளித்தார் ஆசிரியை. தெற்கே கியூஷு தீவின் வழக்கில், கேட்பவர் இடத்துக்குச் செல்வதையும் 'வருகிறேன்' என்று சொல்வது உண்டாம். "நீங்கள் நாகோயாவுக்கு வந்ததுதான் பிழை, கியூஷுவுக்குப் போயிருக்க வேண்டும்" என்றார்.

நாடு திரும்பிய பின், விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, என் பழைய தமிழாசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தொல்காப்பியத்தை எடுத்து வந்தார். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் நான்கு வினைகளை ஆசிரியர் சேர்த்து வைத்து விதி கூறுகிறார்: செல்லுதல், வருதல், தருதல், கொடுத்தல். இவற்றுள் வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். நாகோயாவில் நான் நனைய வைத்த நான்கு அதிகாரிகளுக்கும் தொல்காப்பியரே விளக்கம் எழுதி வைத்திருந்தார் போலும்! நாம் முன்னிலையைத் தன்மையோடு சேர்த்து ஒரே திண்ணையில் உட்கார வைத்தோம். அவர்கள் தன்மையை மட்டும் தனியே வைத்து, முன்னிலையைப் படர்க்கையோடு சேர்த்தார்கள். வேறுபாடு இவ்வளவே.

கொடுத்தலிலும் இக் கணக்கு அப்படியே நிற்பதைக் காணலாம். அவர்களிடம் 'குரெரு' என்று ஒரு வினை; பிறர் எனக்கோ என்னைச் சேர்ந்தார்க்கோ தருவது அது. 'அகெரு' என்று மற்றொன்று. நான் பிறர்க்குக் கொடுப்பது அது. என் தங்கைக்கு ஒருவர் ஒரு நூல் தந்தால் 'குரெரு'; என் தங்கை நம்மவள். நான் உங்களுக்கு ஒரு நூல் தந்தால் 'அகெரு'. நீங்கள் அப்பால் நிற்பவர். தமிழிலோ 'உங்களுக்குத் தருகிறேன்' என்போம். இன்றைய தமிழில் தருதலும் கொடுத்தலும் பெரிதும் கலந்துவிட்டன. ஆனால் நம் காலனியின் மலையாளி அண்டை வீட்டாரைக் கவனித்துக் கேளுங்கள். எனக்கும் உனக்கும் ஒரு வினை, அவனுக்கு ஒரு வினை என்று இன்றும் பிழையின்றிப் பேசுவார்கள்.

இதில் மற்றொரு வழுக்கலும் உண்டு. ஒரு செயலைப் பிறர்க்காகச் செய்தால், அச் செயலின் எச்சத்தோடு 'அகெரு'வைச் சேர்த்துச் சொல்லலாம் என்று பாடநூலில் படித்திருந்தேன். ஒருநாள் இரயில் நிலையத்தில் அதே முதியவரின் பெட்டியை வாங்கிக்கொண்டு, 'தூக்கித் தருகிறேன்' என்னும் பொருளில் 'மொத்தே அகெமாஸ்' என்றேன். அவர் புன்னகை செய்தார். உடன் வந்த இளைஞர் பின்னால் என் காதோடு, "அவ்வாறு சொன்னால், உமக்கு நான் ஓர் உதவி செய்து வைக்கிறேன் என்று மேலிருந்து சொல்வது போலாகும், 'ஒமொச்சி ஷிமாஸ்' என்று சொல்ல வேண்டும்" என்றார். தொல்காப்பியத்தின் எச்சவியலிலும், ஒன்றை இரந்து கேட்கும்போது தாழ்ந்தவன் 'ஈ' என்றும், ஒத்தவன் 'தா' என்றும், உயர்ந்தவன் 'கொடு' என்றும் கூறுவான் என்று விதி இருக்கிறது. கேட்பதற்கு நாம் படி வகுத்தோம். கொடுப்பதற்கும் அவர்கள் படி வகுத்திருக்கிறார்கள்.

பெரியோரை அழைத்துப் போவதிலும் அப்படியே. தம் தாயைத் தாம் அழைத்துப் போவதைப் பிறரிடம் சொல்லும்போது 'த்சுரெத்தே இக்கு' போதும். தம்மைச் சேர்ந்தாரைப் பிறர் முன் உயர்த்திச் சொல்வது அவர்கள் வழக்கம் அன்று. இது நம் காதுக்கு ஒவ்வாது. ஆனால் விருந்தினரையோ மேலதிகாரியையோ அச் சொல்லால் குறித்தால், சிறுபிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப் போவது போலாகும். 'கோ அன்னாய்' செய்கிறேன், வழிகாட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். 'அன்னாய்' என்று கேட்டதும் எனக்குச் சங்கத் தலைவி தாயை விளிப்பது நினைவுக்கு வந்தது! ஆனால் அது சீனச் சொற்கூறுகளால் ஆன சொல், ஒலியொப்புமை தற்செயல்தான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1919இல் பிறந்து 2008இல் மறைந்த பேராசிரியர் சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர், அம் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று பல்லாண்டு உழைத்து எழுதினார். நம்மவர்க்கு அதில் மகிழ்ச்சி. எனினும் மொழியியலாளருள் பெரும்பாலோர் அக் கொள்கையை ஏற்கவில்லை. எச்சம் முன்னே, வினை பின்னே என்னும் அமைப்பு கொரிய மொழியிலும் துருக்கி மொழியிலும்கூட உண்டு. அமைப்பு ஒத்திருப்பதனாலேயே குருதியுறவு உண்டென்று மேடையில் முழங்கிக் கைத்தட்டல் பெற எனக்கு விருப்பமில்லை. ஒப்புமை இருக்கிறது, அதனைக் கண்டு மகிழ்வதற்கு உறவு வேண்டியதில்லை.

அத்தகைய ஒப்புமைகளில் எனக்கு மிக விருப்பமானது ஒன்று. 'இரஷ்ஷாரு' என்னும் உயர்வுச் சொல் வருதலுக்கும் ஆகும், போதலுக்கும் ஆகும், இருத்தலுக்கும் ஆகும். பெரியவர் வந்தாரா, போனாரா, இருக்கிறாரா என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். இது என்ன விந்தை என்று நண்பர்கள் வியந்தார்கள். எனக்கு விந்தையாக இல்லை. பெருமாள் கருவறையில் எழுந்தருளியிருக்கிறார், வீதியில் எழுந்தருளுகிறார், மண்டபத்துக்கு எழுந்தருளினார். வந்தார், போனார் என்று திசை சொல்வது சிறியோர்க்கே உரியது என்று இரு மொழியும் கருதியிருக்கின்றன.

இனி வீட்டுக்கு வருகிறேன். என் தாயார்க்கு அகவை எண்பத்தெட்டு. கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில், வாழ்க்கைப்பட்டு வந்த அதே வீட்டில் தனியாக இருந்தார்கள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்த பின், தில்லிக்கு வந்து எங்களோடு இருக்க ஒருவாறு இசைந்தார்கள். நான் ஊருக்குச் சென்றிருந்தேன். மறுநாளைக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. அப்பொழுது என் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். ஒலிபெருக்கியில் வைத்திருந்தேன். "தாத்தா, கொள்ளுப் பாட்டியை எப்பொழுது கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்டாள்.

அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். அன்போடுதான் கேட்டாள். என் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் என்ன மூட்டையா முடிச்சா, கொண்டு போவதற்கு?" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் அன்றிரவு, கட்டி வைத்திருந்த பெட்டியை அவிழ்த்துப் புடவைகளை மீண்டும் பீரோவில் அடுக்கிவிட்டார்கள். "எனக்கு இங்கேயே இருக்கட்டும்" என்றார்கள். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. நான் தனியாகத் திரும்பினேன். அவ் வயதில், வீட்டை விட்டுப் பெயர்வதே தம்மை ஒரு சாமானாக ஆக்கிவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். குழந்தை சொன்ன சொல் அவ் அச்சத்தின்மேல் போய் விழுந்தது.

பேத்தியைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மழையில் நனைந்த முதியவர் நினைவுக்கு வந்தார். அவள் இரண்டாண்டுகளாகப் பள்ளியில் ஜப்பானிய மொழி பயில்கிறாள். ஒருநாள் அவளுடைய பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "பாட்டியை மொத்தே கிமாஸ் என்று எழுதினால் மதிப்பெண் உண்டா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பாட்டி என்ன பெட்டியா, தாத்தா? த்சுரெத்தே கிமாஸ் என்று எழுத வேண்டும்" என்றாள். "தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்றேன். வாயைத் திறந்தாள், நிறுத்தினாள். முகம் சிவந்து போயிற்று. ஜப்பானியச் சொல்லுக்கு அவளிடம் வேறுபாடு இருந்தது. ஆசிரியை சிவப்பு மையால் திருத்தியிருந்தார். தமிழுக்கு அவளைத் திருத்த நாங்கள் யாரும் இல்லாமற் போனோம். வீட்டில் 'கொண்டா, கொண்டா' என்று உப்பையும் புளியையும் கேட்கும் சொல்லைத்தான் அவள் நாள்தோறும் கேட்டிருக்கிறாள். அழைத்து வர வேண்டிய பெரியவர் எவரும் எங்கள் வீட்டுக்கு நெடுங்காலமாக வரவில்லை.

அன்று மாலையே அவள் ஊருக்குத் தொலைபேசியில் பேசினாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். "பாட்டி, உங்களை அழைத்துப் போக நானே வருகிறேன்" என்றாள். கேட்பவர் இருக்கும் இடத்தைத் தன் இடமாகக் கொண்டு 'வருகிறேன்' என்றாள் பாருங்கள். அதை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இருவரும் சென்றோம். என் தாயார் இப்பொழுது எங்களோடு இருக்கிறார்கள். குளிர் கடுமையாக இருப்பதால் இன்று இங்கு வரவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னால் பொறுமையிழந்து நிற்பதும் தெரிகிறது. ஒரே ஒரு செய்தி.

நாகோயா விடுதியைப் பார்த்துக்கொண்ட மூதாட்டி ஒருவர் இருந்தார். ஜப்பானில் வீட்டை விட்டுப் புறப்படுகின்றவர், 'இத்தே கிமாஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் வாயிற்படி தாண்டுவார். சொல்லுக்குச் சொல், 'போய் வருகிறேன்'. உள்ளே இருப்பவர் 'இத்தே இரஷ்ஷாய்' என்பார், 'போய் வாருங்கள்'. அம் மூதாட்டி அடுக்களையில் எவ்வளவு வேலையாக இருந்தாலும் இதனைச் சொல்லாமல் என்னை அனுப்பியதில்லை. கடைசி நாள், ஊர் திரும்புவதற்காகப் பெட்டிகளோடு புறப்பட்ட காலையில், பழக்கத்தினால் 'இத்தே கிமாஸ்' என்று சொல்லிவிட்டேன். மாலையில் திரும்பி வருகின்றவன் சொல்ல வேண்டிய சொல் அது. நிலையாகப் பிரிகின்றவன் சொல்ல வேண்டியது வேறு. அவருக்கும் அது தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வாயில் வரை வந்து, வழக்கம்போலவே 'இத்தே இரஷ்ஷாய்' என்றார். அதன் பின் நான் அவ்வூருக்குப் போகவில்லை.

போய் வருகிறேன்.